தூங்காத எஜமான்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்குக் காது செத்தது.

சொல்லிவிட்டுத்தான் செத்தது. வலது காதுக்குள் 'டிங்... டிங்...' என்று இரண்டு மணி. அப்புறம் ஒன்றுமில்லை. நாற்பது அடி கீழே லாரிகள், வெட்டும் மெஷின்கள், கையை ஆட்டிக் கத்தும் ஆட்கள், எல்லாமே ஒரே நொடியில் ஊமைப் படம்.

மேல்வீட்டம்மா லீவரை நடுவுக்குக் கொண்டுவந்தாள். எட்டு டன் இரும்புத் தகடு கொக்கியில் ஆடாமல் அசையாமல் நின்றது. பக்கத்து ஸ்டூலில் காத்திருந்த மாற்று ஆபரேட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

மேல்வீட்டம்மா என்பது அந்த இரும்பு யார்டு வைத்த பெயர். பதினோரு வருடமாக, கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் அந்தக் கிரேனின் கண்ணாடிக் கேபின்தான் அவள் வாசம். காலை ஆறு மணிக்கு அறுபத்திரண்டு படி ஏறினால், மதியம் இரண்டுக்குத்தான் இறக்கம். அந்தப் பதினோரு வருடக் கூச்சல் இரண்டு காதையும் முக்கால்வாசி தின்றுவிட்டது. போன வருடம் மருத்துவப் பரிசோதனையில் பிடித்து, கீழே இறக்கிவிட்டார்கள்.

கடையில் கிடைக்கும் காது மெஷின் போட்டுப் பார்த்தாள். அது பேச்சையும் பெருக்கியது, இரும்பு இரும்பில் மோதுவதையும் பெருக்கியது. மூன்றாம் நாள் தலைவலியோடு கழற்றி வைத்தாள். அப்போதுதான் காது டாக்டர் இதைக் கொண்டுவந்தார். பட்டாணி அளவு. கூச்சலைத் தள்ளி மனிதக் குரலை மட்டும் பிடித்துக் கொடுக்கும். இன்னும் கடைக்கு வராதது. கேபினில் வைத்துச் சோதிக்க யார்டும் சம்மதித்தது.

பாதுகாப்பு அதிகாரி படிக்கட்டின் அடியிலேயே நின்றிருந்தார். அவருக்குச் சிரிப்பு வராது என்று சொல்வார்கள், யாரும் பார்த்ததில்லை.

ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். 'இது இரண்டாவது முறை. வெள்ளிக்கிழமை கடைசி. எட்டு மணி நேரம் முழுசாக ஓடணும். இல்லையென்றால் நிரந்தரமாகக் கையுறை ஸ்டோர்.'

கையுறை ஸ்டோர்! ஜன்னல் இல்லாத அறையில் இடது கை, வலது கை என்று ஜோடி பிரித்துக்கொண்டு ஓய்வு பெறும் வரை.

அவள் பட்டாணியைக் கழற்றி டப்பாவில் போட்டாள். கிரீஸ் எதிரே வந்தார். கிரேன் சக்கரங்களுக்கு மசகு போடுகிறவர். அவர் உதட்டைப் படிக்க அவளுக்கு மெஷின் தேவையில்லை.

"என்ன மேல்வீட்டம்மா, பட்டாணி வெந்துடுச்சா?"

*

"எங்க சிப் மேல தப்பில்லை," என்றாள் சிக்கனம்.

"என் புரோகிராம் மேலயும் தப்பில்லை. தொண்ணூத்தெட்டு சதவீதம்," என்றான் தொண்ணூற்றெட்டு.

"அப்ப என் பேஷண்ட் மேலயா தப்பு?" என்றார் காது டாக்டர்.

புதன்கிழமை காலை, கல்லூரி ஆய்வுக்கூடம். மேஜையைச் சுற்றி மூன்று நிறுவனங்கள். சிப் வடிவமைக்கும் அலுவலகத்திலிருந்து வந்தவள் சிக்கனம். மின்சாரத்தை மைக்ரோவாட் கணக்கில் கொடுத்து, அதையும் திருப்பிக் கேட்பவள். புரோகிராம் எழுதியவன் கல்லூரி ஆராய்ச்சியாளன். எதைக் கேட்டாலும் தன் சோதனையின் தொண்ணூற்றெட்டு சதவீதத்தை இழுப்பதால் அந்தப் பெயர். மூன்றாவது, காது மருத்துவமனை. இந்த மூன்று பேரும் சேர்ந்து இரண்டு வருடமாகக் காது மெஷின் செய்கிறார்கள். மெஷின் தயார், பெயர்தான் இன்னும் வைக்கவில்லை. யார் பெயரின் எழுத்து முதலில் வரவேண்டும் என்பதில் தகராறு.

மேல்வீட்டம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள். காதில் சார்ஜ் ஏற்றிய பட்டாணி. இந்த அறையில் மட்டும் அது தேனாகக் கேட்கும். அதுதான் எரிச்சலே.

"எனக்கு ஒரு விஷயம் புரியல," என்றாள். "வீட்ல போட்டா இருபது மணி நேரம் வருது. கேபின்ல போட்டா ஆறு மணி நேரம்கூடத் தாங்கல. அதே பேட்டரிதானே?"

சிக்கனம் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டாள்.

"இதுக்குள்ள ரெண்டு பேர் இருக்காங்க அக்கா. ஒருத்தர் எஜமான். கூச்சலைத் தள்ளிட்டுப் பேச்சைப் பிரிக்கிற ஆளு. பெரிய மூளை. சரியான தீனிப்பண்டாரம்! முழிச்சிருந்தா பேட்டரியை மென்னு துப்பிடுவார். அதனால எப்பவும் தூங்க வெச்சிருப்போம். வாசல்ல ஒரு காவல்காரன். அவனுக்குச் சோறே வேணாம். மனுஷக் குரல் வந்தா மட்டும் கதவைத் தட்டி எஜமானை எழுப்புவான். குரல் நின்னா எஜமான் மறுபடி தூங்கப் போயிடுவார்."

"சரி. நேத்து எஜமான் எவ்வளவு நேரம் தூங்கினார்?"

சிக்கனம் பதிவை நீட்டினாள். ஐந்து மணி நாற்பது நிமிடத்தில் எஜமான் தூங்கியது இரண்டே நிமிடம்.

"கண்ணே மூடல," என்றார் காது டாக்டர்.

தொண்ணூற்றெட்டு தொண்டையைச் செருமினான். "அப்படின்னா கேபின்ல யாரோ பேசிட்டே இருந்திருக்காங்க. அக்கா... நீங்க தனியா பேசுவீங்களா?"

"இப்போதைக்கு இல்ல. இன்னும் ரெண்டு நாள் உங்களோட இருந்தா பேச ஆரம்பிச்சிடுவேன்."

காது டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றாள் மேல்வீட்டம்மா. கொஞ்சம் தயங்கினாள். "வீட்ல எல்லாம் அடங்கி இருக்கறப்ப, யாராவது பேசினா முதல் வார்த்தை விழறதில்ல. ரெண்டாவதுல இருந்துதான் கேக்குது. பொண்ணு 'அம்மா, பசிக்குது'ம்பா. எனக்குப் 'பசிக்குது' மட்டும்தான் வரும். எந்தப் பேச்சை எடுத்தாலும் அவளுக்கு முதல் வார்த்தை அம்மாதான். நாலு மாசமா அது மட்டும் எனக்குக் கேக்கல."

டாக்டர் குறிப்பேட்டைத் திறந்தார்.

"ஏன் இதை முன்னாடியே சொல்லல?" என்றார் டாக்டர்.

"பேட்டரியைப் பத்தி மட்டும்தானே கேட்டீங்க?"

கேபினில் காவல்காரன் தட்டிக்கொண்டே இருக்கிறான். வீட்டில் தட்டத் தயங்குகிறான். ஒரே காவல்காரன். கேபினில் என்ன இருக்கிறது? வீட்டில் என்ன இல்லை?

"ரெக்கார்டிங் ரூம்ல ஒரு தடவை சோதிச்சிடலாம்," என்று தொண்ணூற்றெட்டு எழுந்தான்.

*

ரெக்கார்டிங் அறை ஒரு மரப்பெட்டி மாதிரி இருந்தது. சுவர் முழுக்கப் பஞ்சு. மூலையில் ஒரு பழைய ஏசி. மேல்வீட்டம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிக்கனம், கம்ப்யூட்டர் திரையில் எஜமானைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றெட்டு உள்ளே நின்று பேசினான். "அக்கா, இப்ப நான் பேசறது கேக்குதா?"

"மணி மாதிரி."

"பாத்தீங்களா? தொண்ணூத்தெட்டு..."

"கொஞ்சம் பொறுங்க தம்பி."

அவள் கண்ணை மூடினாள். கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு உடம்பெல்லாம் காது. எந்தச் சக்கரம் உரசுகிறது, எந்தக் கயிறு முறுக்குகிறது என்பதெல்லாம் நாற்காலி வழியாகத்தான் முதலில் வரும். இந்த நாற்காலியிலும் ஏதோ வந்தது. ரொம்பப் பழகிய ஏதோ ஒன்று. காலடியிலிருந்து முதுகுத்தண்டு வரை மெல்ல நடுங்கி ஏறும் ஒரே சுருதி ரீங்காரம்.

கண்ணைத் திறந்தாள். கை தானாக மூலையைக் காட்டியது.

"இது என் கேபின் சத்தம்!"

"எது?"

"அந்த ஏசி. யார்டு தூசுக்காக என் கேபினை நாலு பக்கமும் மூடி வெச்சிருக்காங்க. அதுக்குள்ள இதே மாதிரி ஒரு கிழட்டு ஏசி உறுமிட்டே இருக்கும். வீட்ல என்கிட்ட ஏசி கிடையாது. தம்பி, அதை அணைச்சிட்டுப் பேசுங்க."

அணைத்தான். பஞ்சுச் சுவருக்குள் காற்றுகூட நின்ற மாதிரி ஆனது.

அவன் வாய் அசைந்தது. அவளுக்கு வந்தது: "...இப்ப நான் பேசறது கேக்குதா?"

"அக்கான்னு கூப்பிட்டீங்களா?"

"ஆமா."

"வரல."

மறுபடி போட்டான். "அக்கா, இப்ப?"

"வந்துடுச்சு."

"இப்ப ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒலிபெருக்கியில் சிக்கனத்தின் குரல். ஏசி ஓடியது. யாரும் பேசவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவளே உள்ளே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"எஜமான் கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருக்கார். ஒருத்தரும் பேசல, காவல்காரன் தட்டிட்டே இருக்கான். அவன் குரலைத் தேடல. ஏசியைத் தேடறான்! நீ அவனுக்கு எதைக் காட்டிப் பழக்கினே?"

தொண்ணூற்றெட்டு சுவரில் சாய்ந்தான். நெற்றியில் வேர்வை, ஏசிக்கு நேர் எதிரே.

"பேச்சுப் பதிவெல்லாம் இந்த ரூம்லதான் எடுத்தேன். முப்பது பேர், ஆளுக்கு நாப்பது நிமிஷம். மூடின ரூம்ல வெந்துடுவாங்களேன்னு ஏசி போட்டேன்."

"நிசப்தம்?"

"அதுவும் இங்கேதான். ஆனா..." ஏசியைத் திரும்பிப் பார்த்தான். "நிசப்தம்னா நிசப்தமா இருக்கணுமில்லையா? ஏசியை அணைச்சேன். சுவர்க் கடிகாரத்தைக் கழட்டினேன். கைக்கடிகாரத்தைக்கூட வெளியில வெச்சிட்டு வந்தேன்."

பேச்சு இருந்த இடத்திலெல்லாம் ஏசி இருந்தது. பேச்சு இல்லாத இடத்தில் ஏசியும் இல்லை. காவல்காரன் தன்னால் ஆன சுலபமான பாடத்தைப் படித்துக்கொண்டான்: ஏசி உறுமினால் எஜமானை எழுப்பு. சோதித்துப் பார்த்ததும் அதே அறையில், அதே ஏசியில்.

"அப்ப உன் தொண்ணூத்தெட்டு சதவீதம்?" என்றாள் சிக்கனம்.

"ஏசியைக் கண்டுபிடிச்சதுக்கு," என்றான் அவன், ஈனசுரத்தில்.

பிறகு சிக்கனம் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் பின்னாலேயே வந்திருந்த காது டாக்டரும் சேர்ந்துகொண்டார். கடைசியில் அவனும். மேல்வீட்டம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, புடவையை உதறினாள்.

"இன்னிக்குப் புதன். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் படியேறணும். சிரிச்சு முடிச்சாச்சுன்னா வேலையைப் பார்க்கலாமா?"

*

தேவைப்பட்டது இரண்டே இரண்டு. ஏசி இல்லாத பேச்சு. பேச்சு இல்லாத ஏசி.

முதலாவது, டாக்டர் பொறுப்பு. மருத்துவமனையின் சோதனை அறையில் மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, வரவேற்புப் பெண், நர்ஸ், மருந்துக் கடைக்காரர், துணைக்கு வந்த மாமனார், மருமகன் என்று கிடைத்தவரையெல்லாம் உட்காரவைத்துப் பேசச் சொன்னார். வேர்வையில் நனைந்து வெளியே வந்தவர்களுக்குத் துண்டு கொடுத்தார்கள். மாமனாரும் மருமகனும் ஒரே நேரத்தில் உள்ளே போனார்கள். சண்டை போட்டதில் அருமையான பதிவு கிடைத்தது.

இரண்டாவது, மேல்வீட்டம்மாவுடையது. வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், யார்டு அடங்கியிருக்கும்போது, நின்றிருந்த கிரேனில் பதிவுக் கருவியோடு ஏறினாள். ஏசியைப் போட்டாள். மூச்சை அடக்கி உட்கார்ந்தாள்.

தண்டவாள ஓரத்து நடைபாதையில் கிரீஸ் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். பாட்டு வேறு.

கதவைத் திறந்து கையை ஆட்டினாள். "அண்ணே, போங்க! நிசப்தம் பிடிச்சிட்டிருக்கேன்!"

"எதைப் பிடிச்சிட்டிருக்கே?"

"நிசப்தம்!"

"பதினோரு வருஷமா இந்த யார்டுல இருக்கே. இது கிடைக்கிற பொருளா?" என்று முணுமுணுத்தபடி மசகுத் துப்பாக்கியை அப்படியே தண்டவாள முனைத் தூணருகே வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

இருபது நிமிட உறுமல் கிடைத்தது. மதியமே அதை ஆய்வுக்கூடத்தில் கொடுத்தாள்.

காவல்காரனுக்குப் புதிதாகப் பாடம் நடந்தது. முடிவு வந்தது. தொண்ணூற்றி நான்கு சதவீதம்.

"குறைஞ்சிடுச்சே," என்றார் டாக்டர்.

"குறையல டாக்டர். இதுதான் நிஜம்," என்றான் அவன். முகத்தில் ஒரு புதுத் தெளிவு. "ஆனா ஒரு சிக்கல். இப்ப அவன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கு. அவனுக்குக் கூடுதலா மூணு மைக்ரோவாட் வேணும்."

எல்லோரும் சிக்கனத்தைப் பார்த்தார்கள்.

"ரெண்டு வருஷம்," என்றாள் அவள். "ரெண்டு வருஷமா ஒவ்வொரு மைக்ரோவாட்டா கிள்ளிக் கிள்ளி மிச்சம் பிடிச்சிருக்கேன். என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சதில்ல."

"தர மாட்டியா?"

"நாலா எடுத்துக்கோ. காவல்காரன் வயிறு காஞ்சா எஜமானுக்குத் தூக்கம் ஏது?"

அன்று சாயங்காலம் மேல்வீட்டம்மா வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். உள்ளறையில் மகள் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் புரட்டும் சத்தம்கூட இல்லை.

"அம்மா, பேனா பார்த்தியா?"

அவள் அந்த முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா?" மகள் எட்டிப் பார்த்தாள். "இதுவும் கேக்கலையா? சரியான..."

"முதல்ல இருந்து கேட்டுச்சு. 'சரியான' வரைக்கும் கேட்டுச்சு. மேல சொல்லு."

"ஐயோ! இனிமே இந்த வீட்ல முணுமுணுக்கக்கூட முடியாதா?"

*

வெள்ளி. காலை ஐந்து ஐம்பது.

"ரூல்ஸ்," என்றார் பாதுகாப்பு அதிகாரி. "மாற்று ஆபரேட்டர் மேல வரமாட்டார். அவசர ஸ்டாப் பட்டன் என் கையில இருக்கும். எட்டு மணி நேரத்துல பத்துத் தடவை வாக்கி-டாக்கில 'நிறுத்து'ம்பேன். எப்பன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு செகண்டுல கிரேன் நிக்கணும். ஒண்ணு தவறினாலும் அவுட். நான் சொல்லாம நிறுத்தினாலும் அவுட்."

"சரி சார்."

அறுபத்திரண்டு படி. கதவு. ஏசி. உறுமல்.

முதல் 'நிறுத்து' ஆறு பத்துக்கே வந்தது. நின்றாள். ஏழுக்குள் இன்னொன்று. எட்டரைக்கு அவர் வேண்டுமென்றே குரலைத் தாழ்த்திச் சொன்னார். நின்றாள். கீழே வேலியோரம் மூன்று நிறுவனங்களும் வரிசையாக அண்ணாந்து நின்றன. தொண்ணூற்றெட்டு நகம் கடித்தான். சிக்கனம் அவன் கையைத் தட்டிவிட்டுத் தன் நகத்தைக் கடித்தாள்.

பதினொன்று முப்பது. ஏழு முடிந்தது.

பதினொன்று முப்பத்தெட்டு. மேல்வீட்டம்மா கொக்கியை இறக்கிக்கொண்டே காதுக்குள் அந்த 'டிங்' வருகிறதா என்று காத்திருந்தாள்.

பதினொன்று நாற்பது.

பதினொன்று நாற்பத்தொன்று.

"எட்டாவது. நிறுத்து!"

நின்றாள். கேபினுக்குள் தனியாகச் சிரித்தாள். இனிமேல் தனியாகப் பேசினாலும் பரவாயில்லை.

ஒன்று இருபதுக்கு ஒன்பதாவது. அதோடு வாக்கி-டாக்கி அடங்கிவிட்டது. ஒன்றரை. ஒன்று நாற்பது. பத்தாவது வரவில்லை. அவர் சொல்லி, தனக்குக் கேட்காமல் போயிருந்தால்? கடைசித் தகடு. முனைத் தூணுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். கிரேன் மொத்தமும் தண்டவாளத்தில் அந்த முனையை நோக்கி நகர்ந்தது.

ஒன்று ஐம்பத்திரண்டு.

"பொறு... பொறு..."

வாக்கி-டாக்கி இரைச்சலுக்குள் ஒரு தேய்ந்த குரல். அவள் கை யோசிக்கவில்லை. கிரேன் குலுங்காமல் நின்றது.

வாக்கி-டாக்கி கரகரத்தது. "ஏன் நிறுத்தினீங்க?"

"நீங்க... யாரோ 'பொறு'ன்னாங்க சார்."

"நான் சொல்லல. சொல்லாம நிறுத்தினா என்ன ரூல்னு சொல்லியிருக்கேன். ஓட்டுங்க."

அவள் லீவரைப் பார்த்தாள். ஓட்டினால் ஒருவேளை மன்னித்துவிடலாம். ஓட்டாவிட்டால் கையுறை ஸ்டோர். இடது கை, வலது கை, இடது கை, வலது கை.

காதைத் தொட்டுப் பார்த்தாள். கேட்டது. அவளுக்குக் கேட்டது.

"ஓட்ட மாட்டேன் சார்."

"என்ன?"

"தூக்கணும்னா சிக்னல்காரர் சொன்னாத்தான் தூக்கணும். நிறுத்தணும்னா யார் சொன்னாலும் நிறுத்தணும். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இதே யார்டுல எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் ரூல் அதுதான். 'பொறு'ன்னது யாருன்னு தெரியாம சக்கரம் உருளாது."

யார்டு முழுக்க அண்ணாந்து பார்த்தது. ஐந்து நொடி. பத்து நொடி.

முனைத் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் தொப்பி மெல்ல நீண்டு ஆடியது. தொப்பிக்குக் கீழே கிரீஸ். ஒரு கையில் நேற்று விட்டுப்போன மசகுத் துப்பாக்கி. இன்னொரு கையில் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்த வாக்கி-டாக்கி. கிரேன் முனைக்கு வந்துவிட்டால் தூணுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஆள் நிற்க இடம் கிடையாது. சக்கரம் அவரிடமிருந்து ஆறடியில் நின்றிருந்தது.

அதிகாரி அவசர ஸ்டாப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

*

கிரீஸ் கீழே வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பரீட்சை நேரத்துல மேல ஏறக்கூடாதுன்னு தெரியும் சார். ரெண்டே நிமிஷம், எடுத்துட்டு வந்துடலாம்னு... நாலு தடவை கத்தினேன் சார். யாருக்கும் கேக்கலையா?"

அதிகாரி தன் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியைப் பார்த்தார். வெட்டும் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார் அவர். வேலியோரம் நின்ற மூன்று நிறுவனத்தாரும் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் கேட்கவில்லை. பழுதில்லாத காது, அத்தனையும்.

மேல்வீட்டம்மா அறுபத்திரண்டு படி இறங்கி வந்தாள். மணி இரண்டு ஐந்து. சிக்கனம் பட்டாணியை வாங்கிக் கருவியில் பொருத்தினாள்.

"மிச்சம் முப்பத்தேழு சதவீதம்!"

தொண்ணூற்றெட்டு குதித்த குதியில் டாக்டரின் கண்ணாடி கீழே விழுந்தது. சிக்கனம், வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் கணக்குப் பார்க்காமல், எதிரே வந்த எல்லோரையும் கட்டிக்கொண்டாள்.

பட்டாணி மறுபடி காதில் ஏறியதும் அதிகாரி படிவத்தைத் திறந்தார்.

"நான் ஒன்பது தடவைதான் சொன்னேன். பத்தாவதை ஒண்ணு ஐம்பத்தஞ்சுக்கு வெச்சிருந்தேன்." பேனா ஒரு கணம் நின்றது. "அதை இவர் சொல்லிட்டார். பத்துக்குப் பத்து." கையெழுத்துப் போட்டார். "நாளையிலிருந்து உங்க ஷிஃப்ட் உங்களுக்கு." பிறகு டாக்டரை ஓரமாகக் கூப்பிட்டு, "எனக்கும் ஒரு நாள் காதைப் பார்க்கணுமே டாக்டர்" என்றார். அப்போதுதான் அவர் சிரித்தார் என்று பிற்பாடு பலர் சத்தியம் செய்தார்கள்.

கிரீஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றார். "பட்டாணின்னு கேலி பண்ணேன்மா. தப்பு."

"பேர் நல்லாத்தானே இருக்கு அண்ணே?"

மூன்று நிறுவனங்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. இரண்டு வருடத் தகராறு அங்கேயே முடிந்தது. அடுத்த வாரம் வெளியான கூட்டறிக்கையின் தலைப்பில் யாருடைய எழுத்தும் முதலில் இல்லை. 'பட்டாணி' என்றே இருந்தது. பரிசோதனை முடிவு: தொண்ணூற்றி நான்கு சதவீதம்.

ஆனால் அதற்கு முன்பே, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, மேல்வீட்டம்மா மேல்வீட்டுக்குக் குடிபோனாள். கதவைச் சாத்தினாள். நாற்காலியைத் தன் முதுகுக்கு ஏற்பச் சரிசெய்தாள். ஏசியைத் தட்டினாள். கிழம் உறுமியது.

எஜமான் நிம்மதியாகத் தூங்கினார்.

"மேல்வீட்டம்மா, தூக்கலாமா?" என்றார் கீழிருந்து சிக்னல்காரர்.

முதல் வார்த்தையிலிருந்தே கேட்டது. தூக்கினாள்.